மாற்றியமைத்த டீசல் காரை எப்படி விற்பது: அப்படியேவா, ஸ்டாக் நிலைக்குக் கொண்டுவந்தா?

ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே கிலோமீட்டர் ஓடிய இரண்டு டீசல் கார்கள் விற்பனைக்கு நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, அதாவது ஸ்டாக் நிலையில் இருக்கிறது. இன்னொன்றில் ரீமேப் (எஞ்சினின் கணினி மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டுவது), பெரிய இன்டர்கூலர் (டர்போ அழுத்தும் காற்றைக் குளிர்விப்பது), தாழ்த்திய சஸ்பென்ஷன், அகலமான அலாய் வீல், மாற்றிய சைலன்சர். இரண்டாவது வண்டியின் உரிமையாளர் எண்ணெய் மாற்றுவதில் ஒரு முறைகூடத் தவறாதவராக இருக்கலாம். ஆனாலும் முதல் வண்டியைப் பார்க்கத்தான் ஆட்கள் அதிகம் வருவார்கள். காரணம் எளிது. மாற்றங்களைக் கண்டதும், எஞ்சினை எவ்வளவு அடித்து ஓட்டியிருப்பார்களோ என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. சந்தேகம் வந்த இடத்தில் பேரம் கீழே இறங்கும்.

விற்பவர் முன் ஐந்து வழிகள் இருக்கின்றன. இருக்கிற நிலையிலேயே, மாற்றங்களின் அருமை தெரிந்தவரிடம் விற்கலாம். எல்லாவற்றையும் கழற்றி ஸ்டாக் நிலைக்குக் கொண்டுவந்து, காரைத் தனியாகவும் பாகங்களைத் தனியாகவும் விற்கலாம். சிலவற்றை மட்டும் கழற்றிவிட்டு மற்றதை அப்படியே விடலாம். டீலரிடம் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடலாம். கடைசியாக, வண்டியைப் பிரித்துப் பார்ட்ஸாகவே விற்கலாம். நன்றாகப் பராமரித்த வண்டிக்குப் பெரும்பாலும் மூன்றாவது வழியே லாபம் என்பது எங்கள் கருத்து. எதைக் கழற்றுவது, எதை விடுவது என்று பாகம் பாகமாக முடிவெடுக்க வேண்டும். மொத்தமாக ஒரே முடிவு எடுப்பவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள்.

ஒவ்வொரு பாகத்திடமும் கேட்க வேண்டிய கணக்கு

கழற்றிய பாகத்தை விற்றால் வரும் தொகை, கூடவே ஸ்டாக் நிலையால் காரின் விலையில் ஏறும் தொகை: இவை ஒரு பக்கம். ஸ்டாக் பாகம் வாங்கும் விலை, கூலி, புது கேஸ்கெட், போல்ட், அலைன்மென்ட் போன்ற சில்லறைச் செலவு: இவை மறுபக்கம். முதல் பக்கம் கனமாக இருந்தால் மட்டும் கழற்றுங்கள். பழைய பாகங்களை எடுத்து வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு உடனே சாதகமாகிவிடும். தூக்கிப் போட்டவர், பழைய பார்ட்ஸ் கடையில் ஸ்டாக் பாகத்தைத் தேடி வாங்க வேண்டியிருப்பதால், பல பாகங்களில் கணக்கு தலைகீழாகும்.

இந்தக் கணக்கில் எளிதாகத் தேறுபவை அலாய் வீல், ஸ்பீக்கர், ஹெட் யூனிட், சீட், ஏர் ஃபில்டர் கிட், கூடுதல் மீட்டர்கள், டியூனிங் பாக்ஸ். இவை தனியாக நல்ல விலைக்குப் போகும், கழற்றவும் அதிக நேரம் ஆகாது. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணி உண்டு. தொழிற்சாலை ஹெட் யூனிட்டைத் திரும்ப மாட்டினால் பல வண்டிகளில் பாதுகாப்புக் குறியீட்டு எண் கேட்கும். அந்த எண் கையில் இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். வயரிங் ஹார்னஸை வெட்டி ஒட்டியிருந்தால் அதைச் சாலிடர் செய்து, உறையிட்டுச் சீராக்குங்கள். வெறும் டேப் சுற்றிய இணைப்பைப் பார்த்தால் விவரம் தெரிந்தவர் அந்த இடத்திலேயே திரும்பிப் போய்விடுவார்.

அலாய் வீலில் கண்ணி போல்ட்டில் இருக்கிறது. வெளிச்சந்தை வீல்களின் போல்ட் பெரும்பாலும் கூம்பு வடிவில் உட்காரும். தொழிற்சாலை வீல்கள் பலவற்றில் அது உருண்டை வடிவம். ஒன்றுக்கு மற்றதை மாட்டினால் முறுக்கும்போது இறுகியதுபோல்தான் தெரியும், ஓட ஓடத் தளரும். ஸ்பேசர் (வீலை வெளியே தள்ளும் வளையம்) போட்டிருந்தவர்கள் நீளமான போல்ட்டையே ஸ்டாக் வீலுக்கும் பயன்படுத்தினால், அதன் நுனி உள்ளே பிரேக் பாகங்களில் உரசும். கிடங்கில் கிடந்த ஸ்டாக் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். வருடக்கணக்கில் கிடந்து இறுகிப் போன டயரை மாட்டி விற்பது ஆபத்து. வாங்குபவரும் அதைக் கண்டுபிடித்து விலையில் கழிப்பார்.

பெரிய பிரேக் கிட் போட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சின்ன ஸ்டாக் வீல் பெரிய காலிப்பரைத் தாண்டி உட்காராது. வீலை மாற்றினால் பிரேக்கையும் மாற்றியாக வேண்டும். பிரேக் எண்ணெயும் புதிதாக ஊற்றிக் காற்று எடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், பல சமயம் வீலும் பிரேக்கும் சேர்ந்தே வண்டியோடு போவது மேல்.

சஸ்பென்ஷன் இடைப்பட்ட நிலை. தாழ்த்திய ஸ்பிரிங் இருந்தால் வாங்குவோர் கூட்டம் பாதியாகிவிடும். வேகத்தடையில் அடிவயிறு உரசும் வண்டியைக் குடும்பத்துக்கு யாரும் விரும்ப மாட்டார்கள். ஆகவே ஸ்டாக் ஸ்பிரிங்கும் டேம்பரும் கைவசம் இருந்தால் திரும்ப மாட்டுவதே நல்லது. மாட்டும்போது ரப்பர் புஷ் உள்ள போல்ட்களை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கி முடித்துவிடக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, எடை முழுவதும் இறங்கிய பிறகே இறுதியாக முறுக்க வேண்டும். இல்லையென்றால் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சில மாதங்களில் கிழியும். பழி உங்கள் மேல் வரும். பிறகு வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் உயரச் சரிசெய்தல் இரண்டும் கட்டாயம். தாழ்த்தி ஓட்டிய காலத்தில் டயரின் உள்விளிம்பு தேய்ந்திருக்கும்; வெளியே நின்று பார்த்தால் தெரியாது, ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பிவிட்டுக் கையால் தடவிப் பாருங்கள்.

கழற்றவே கூடாத கூட்டமும் ஒன்று உண்டு. வலுவான கிளட்ச், தரமான இன்டர்கூலர், ஸ்டீல் பின்னல் போட்ட பிரேக் ஹோஸ், துருக்காப்புப் பூச்சு, பலப்படுத்திய இன்டர்கூலர் பைப். இவை வண்டியின் பலவீனத்தைச் சரிசெய்தவை. கிளட்ச்சைக் கழற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அந்தக் கூலிக்கு எதுவும் திரும்பி வராது. இவற்றை அப்படியே விட்டு, பில்லோடு சேர்த்துப் பராமரிப்பாகக் காட்டுங்கள். டூயல் மாஸ் ஃப்ளைவீலை (அதிர்வை உள்வாங்க இரண்டு பகுதிகளாகச் செய்த சுழல் தட்டு) எடுத்துவிட்டு ஒற்றை ஃப்ளைவீல் போட்டிருந்தால் மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். ஐடிலில் கியர்பாக்ஸ் கடகடக்கும், அதிர்வு கூடுதலாக இருக்கும். சொல்லாமல் விட்டால் வாங்குபவர் கியர்பாக்ஸ் போய்விட்டது என்றே நினைப்பார்.

ரீமேப்பை என்ன செய்வது

இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். டியூனிங் பாக்ஸும் ரீமேப்பும் ஒன்றல்ல. பாக்ஸ், எரிபொருள் ரெயிலின் (இன்ஜெக்டர்களுக்கு அதிக அழுத்தத்தில் டீசல் தரும் குழாய்) அழுத்தச் சென்சாரிலிருந்து வரும் சமிக்ஞையை இடைமறித்து, உண்மையைவிடக் குறைவாகக் காட்டுகிறது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டுகிறது. கழற்றி, பழைய கனெக்டரைக் கிளிக் சத்தம் வரும்வரை மாட்டினால் வண்டி பழைய நிலைக்கு வந்துவிடும். ரீமேப்பில் ஈசியூவின் நினைவகத்தில் உள்ள மேப்பே, அதாவது எரிபொருள் போன்றவற்றின் அளவு அட்டவணையே, மாறியிருக்கிறது. அதைத் திருப்ப, முதலில் படித்து எடுத்து வைத்த ஸ்டாக் ஃபைல் வேண்டும். ரீமேப் செய்தவரிடம் உங்கள் வண்டியின் ஃபைல் இருக்கும். விற்கும் எண்ணம் வந்ததுமே கேட்டு வாங்கி வையுங்கள். வேறு வண்டியின் ஃபைலை எழுத அனுமதிக்காதீர்கள். ஒரே எஞ்சினாக இருந்தாலும் மென்பொருள் பதிப்பு மாறினால் ஸ்டார்ட் ஆகாமல்கூடப் போகலாம். ஃபைல் எழுதும்போது பேட்டரி மின்னழுத்தம் விழக் கூடாது, சார்ஜர் இணைத்தே செய்ய வேண்டும்.

ஸ்டாக் ஃபைலைத் திரும்ப எழுதினால் தடயம் முழுக்க மறையும் என்று நம்ப வேண்டாம். எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையைப் பல ஈசியூக்கள் வைத்திருக்கும், அது குறையாது. எனவே ரீமேப் இருந்ததை மறைத்து விற்கும் வழியை விட்டுவிடுங்கள். "ரீமேப் இருந்தது, இந்தத் தேதியில் ஸ்டாக்குக்குத் திருப்பினோம், இதோ பில்" என்பதே பேரத்தில் நிற்கும் வாக்கியம்.

திருப்பத்தான் வேண்டுமா? மிதமான ரீமேப், அதாவது 140 குதிரைத்திறன் எஞ்சின் 170-ஐ ஒட்டி வந்திருப்பது போன்றது, எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால், தெரிந்த ஆளிடம் அப்படியே விற்கலாம். ஆனால் டீசலில் ரீமேப்பின் சுமை குதிரைத்திறனைவிட டார்க்கில்தான் (சுழற்றும் விசை) தெரியும். குறைந்த ஆர்பிஎம்மில் திடீரென ஏறும் டார்க் முதலில் கிளட்ச்சையும் டூயல் மாஸ் ஃப்ளைவீலையும்தான் தின்னும். நான்காவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துப் பாருங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் துள்ளினால் கிளட்ச் வழுக்குகிறது. ஐடிலில் வரும் டகடக சத்தம் கிளட்ச்சை மிதித்ததும் மாறினாலோ, எஞ்சினை அணைக்கும்போது வண்டி பெரிதாக உதறினாலோ ஃப்ளைவீலைச் சந்தேகிக்கலாம். இந்த இரண்டில் ஒன்று இருந்தால் ஸ்டாக் மேப்புக்குத் திருப்புவது விற்பனைக்கு மட்டுமல்ல, அடுத்து ஓட்டப்போகிறவருக்கும் நல்லது. தேய்மானம் இருப்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெரிய டர்போவோ பெரிய இன்ஜெக்டரோ போட்டிருந்தால் கதை வேறு. அந்த வன்பொருளை வைத்துக்கொண்டு ஸ்டாக் மேப்பை எழுதக் கூடாது. எரிபொருள் அளவும் காற்றும் பொருந்தாமல் கரும்புகையில் மூழ்கும். அவ்வளவு தூரம் போன வண்டிக்கு இரண்டே வாய்ப்புகள்: முழுவதும் அப்படியே, அல்லது முழுவதும் ஸ்டாக். நடுவழி கிடையாது.

புகை வடிகட்டியும் ஈஜிஆரும்

டிபிஎஃப் எனப்படும் புகைத்துகள் வடிகட்டியை எடுத்திருந்தாலோ, உள்ளே குடைந்து காலியாக்கியிருந்தாலோ, ஈஜிஆரை (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் அமைப்பு) அடைத்திருந்தாலோ இங்கே ஒப்பீட்டுக்கே இடமில்லை. திரும்ப மாட்டிவிட்டுத்தான் விற்க வேண்டும். பல நாடுகளில் டிபிஎஃப்பை எடுத்த வண்டியைச் சாலையில் ஓட்டுவதே குற்றம்; புகைச் சோதனையில் வண்டி தோற்றுவிடும்; அந்தச் சிக்கலை விவரம் தெரியாத ஒருவர் தலையில் கட்டுவது நியாயமும் இல்லை. மாட்ட வசதியில்லை என்றால், குறையை எழுத்தில் சொல்லி, சரிசெய்யும் செலவை விலையில் கழித்து, உள்ளூர்ச் சட்டம் அனுமதிக்கும் வகையில் மட்டுமே கைமாற்றலாம்.

திரும்ப மாட்டுவதும் வெறும் போல்ட் வேலை இல்லை. வரிசை இப்படி: முதலில் டிபிஎஃப், அதன் வெப்பச் சென்சார்கள், முன்பின் அழுத்த வேறுபாட்டைக் காட்டும் சென்சாரும் அதன் இரண்டு ஹோஸ்களும். பிறகு ஸ்டாக் ஃபைல். அதற்குப் பிறகு ஸ்கேனரில் டிபிஎஃப் மாற்றியதைப் பதிந்து, சாம்பல் அளவின் பழைய கணக்கை அழிக்க வேண்டும். சென்சார் ஹோஸை மாற்றி மாட்டினாலோ அது வெடித்திருந்தாலோ, ஈசியூவுக்கு வடிகட்டியின் நிலை தவறாகத் தெரியும். டர்போவை ஒட்டிய நட்டுகள் வெப்பத்தில் இறுகிப் போயிருக்கும். முதல் நாள் இரவே துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். அவசரப்பட்டுத் திருகினால் ஸ்டட் உடையும், அரைநாள் வேலை இரண்டு நாளாகும். கேஸ்கெட், நட்டு இரண்டும் புதிதாகவே போட வேண்டும். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள்.

இத்தனையும் விற்பனைக்குக் குறைந்தது சில வாரங்கள் முன்பே முடிய வேண்டும். ஃபைல் எழுதினாலோ பிழைக் குறியீடுகளை அழித்தாலோ, ஈசியூவின் தற்சோதனைகள் முடிவடையாத நிலைக்குப் போய்விடும். வாங்க வருபவர் தன் ஸ்கேனரைச் செருகி அதைக் கண்டால், நேற்றுத்தான் பிழையை அழித்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டுவார். நெடுஞ்சாலையிலும் ஊருக்குள்ளும் சில நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். தற்சோதனைகள் முடிய நேரம் கிடைக்கும், டிபிஎஃப் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் சுற்றும் ஒன்றிரண்டு நடந்துவிடும்.

அப்படியே விற்பது எப்போது பலிக்கும்

மாற்றங்கள் ஒன்றோடொன்று பொருந்தி, தரமான தயாரிப்புகளாக இருந்து, ஒவ்வொன்றுக்கும் பில் இருந்து, அந்த மாடலுக்கென்று ஆர்வலர்களும் இருந்தால் அப்படியே விற்பது சிறந்தது. டைனோ தாள் (எஞ்சின் திறனை இயந்திரத்தில் அளந்த அறிக்கை) முன்பும் பின்பும் எடுத்தது இருக்கட்டும். பூஸ்ட் அழுத்தம் (டர்போ தரும் காற்றழுத்தம்), ரெயில் அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றை ஓட்டத்தின்போது பதிந்த லாக் இருந்தால் இன்னும் பலம். விளம்பரத்தில் பாகத்தின் தயாரிப்புப் பெயர், மாடல் எண், மாட்டிய தேதி, அப்போதைய கிலோமீட்டர் ஆகியவற்றை எழுதுங்கள். வெறுமனே "ஃபுல்லி மாடிஃபைடு" என்ற இரண்டு சொல் நல்ல வாடிக்கையாளரைத் துரத்திவிடும். பதிவுச் சான்றில் காட்ட வேண்டிய மாற்றங்கள் பதிவாகியிருக்கின்றனவா, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்திருக்கிறீர்களா என்பதையும் சரிபாருங்கள்.

இந்த வழியின் விலை காத்திருப்பு. சரியான ஆள் வரும்வரை மாதங்கள் ஆகலாம், அதுவரை சும்மா நிற்கும் டீசலில் பேட்டரி இறங்கும், பிரேக் டிஸ்க்கில் துரு படியும். ஒரு யோசனை உண்டு: ஸ்டாக் பாகங்கள் கைவசம் இருந்தால், வண்டியோடு அவற்றையும் சேர்த்துத் தருவதாகச் சொல்லுங்கள். தயங்குபவருக்கு அது ஒரு பின்வாசல். வேண்டாம் என்றால் பின்னால் திருப்பிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் வாங்குவார்.

டீலர் வழி வேகமானது, ஆனால் விலை குறைவு. அவர் மதிப்பிடுவது அந்த மாடலின் ஸ்டாக் விலையை வைத்து. உங்கள் இன்டர்கூலருக்கு அங்கே மதிப்பு பூஜ்ஜியம். தாழ்த்திய வண்டியென்றால் அதைத் திருப்பும் செலவையும் கழிப்பார். எனவே டீலரிடம் போவதானால் ஸ்டாக் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே போங்கள். மாற்றங்களோடு போனால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும்.

பிரித்து விற்பது கூட்டிப் பார்த்தால் கவர்ச்சியாக இருக்கும். நல்ல பாகங்கள் முதல் சில வாரங்களில் போய்விடும். பாடி ஓடும், கண்ணாடியும், வயரும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். பாடி துருவேறிய வண்டிக்கும், விபத்தில் சிக்கிய வண்டிக்கும் அது பொருந்தும். நன்றாக ஓடும் வண்டியைப் பிரிக்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை, கணக்கும் ஒப்பாது.

எந்த வழியானாலும்: எஞ்சினின் ஆரோக்கியத்துக்குச் சான்று

மாற்றங்கள் கிளப்பிய சந்தேகத்தை அடக்குவது பேச்சு இல்லை, அளவீடு. ஒரு ஸ்கேன் அறிக்கை எடுத்து வையுங்கள். சூடான எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஈசியூ செய்யும் எரிபொருள் திருத்தம் பூஜ்ஜியத்தை ஒட்டி, ஒன்றுக்கொன்று அதிக வித்தியாசமில்லாமல் இருந்தால் நல்ல அறிகுறி. ஒன்று மட்டும் விலகினால் ரிட்டர்ன் சோதனை செய்யுங்கள்: ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்பு குழாயையும் ஒரே அளவான புட்டிகளில் விட்டு எஞ்சினை ஓடவிட்டால், தேய்ந்தது மற்றவற்றைவிட வேகமாக நிரப்பும். இன்ஜெக்டரின் அடியில் தார்போலக் கருப்பு படிந்து, புஸ் புஸ்ஸென்று சத்தம் வந்தால் செம்பு வாஷர் போயிருக்கிறது. சின்னச் செலவு, விற்பதற்கு முன் முடித்துவிடுங்கள்.

எஞ்சின் எண்ணெய் அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் மகிழ வேண்டாம். டிபிஎஃப் எரிப்புச் சுற்று பாதியில் நின்று நின்று, எண்ணெயில் எரியாத டீசல் கலந்திருக்கலாம். எண்ணெய் மாற்றி, டிபிஎஃப்புக்கு ஏற்ற குறைந்த சாம்பல் வகையையே ஊற்றுங்கள். டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கெடு மட்டுமல்ல, வருடக் கெடுவும் உண்டு. கெடு நெருங்கியிருந்தால் தண்ணீர்ப் பம்ப்போடு சேர்த்து மாற்றிய பில் மற்ற எல்லா மாற்றங்களையும்விடக் கனமானது. டீசல் ஃபில்டரை விற்பனைக்கு முந்தின நாள் மாற்றாதீர்கள். காற்று சிக்கி, ஆள் வந்து நிற்கும்போது ஸ்டார்ட்டிங் டிரபுள் கொடுக்கும். எஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிப் பளபளப்பாக்குவதும் வேண்டாம். கசிவை மறைத்ததாகத் தோன்றும், கனெக்டருக்குள் தண்ணீரும் போகும்.

வாங்குபவர் வரும் நாளில் எஞ்சின் குளிர்ந்திருக்கட்டும். முன்கூட்டிச் சூடாக்கிய டீசலை விவரம் தெரிந்தவர் பேனட்டைத் தொட்டே கண்டுபிடிப்பார். குளிர்ந்த நிலையில் ஒரே சுற்றில் பிடித்து, புகையில்லாமல் ஐடிலில் அமர்ந்தால் பாதி வியாபாரம் முடிந்தது. நீலப் புகை எண்ணெய் எரிவதைச் சொல்லும், கருப்பு காற்றுப் பற்றாக்குறையையோ அதிக எரிபொருளையோ சொல்லும். வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காவிட்டால் எரியாத டீசலா கூலன்ட்டா என்று பார்க்க வேண்டும். சோதனை ஓட்டத்தை நீங்களே ஓட்டித் தொடங்குங்கள். கூலன்ட் சூடானதை மீட்டர் காட்டினாலும் எண்ணெய் சூடேற இன்னும் நேரமாகும். பத்துக் கிலோமீட்டராவது நிதானமாகப் போன பிறகே முழு ஆக்ஸிலரேட்டர். அதை நீங்கள் செய்வதைப் பார்த்தாலே, இந்த வண்டி எப்படி ஓட்டப்பட்டது என்பது அவருக்குப் புரியும். வேகமாக ஓட்டி வந்து நிறுத்தினால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு டர்போ ஆறியபின் அணையுங்கள்.

ஒப்பந்தத் தாளில் ஓடோமீட்டர் எண், தேதி, நேரம், இருக்கும் மாற்றங்கள், கழற்றிய மாற்றங்கள், தெரிந்த குறைகள் ஆகிய அனைத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பணம் கணக்கில் வந்து சேர்ந்ததை வங்கியில் உறுதிசெய்த பிறகே சாவி. வண்டியோடு பில் கோப்பு, ஸ்டாக் ஃபைலின் நகல், ஹெட் யூனிட் குறியீட்டு எண், இன்ஜெக்டர் மாற்றியிருந்தால் அவற்றின் குறியீடுகள், வீல் லாக் நட்டைக் கழற்றும் சாவி ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக் கொடுங்கள். அந்தச் சாவியை மறந்துவிட்டால், முதல் பஞ்சரிலேயே உங்களுக்கு ஃபோன் வரும்.